பல் வலிக்கு எந்த மாடி?

எங்கள் மருத்துவமனையில் ஆறு மாடிகள். முதல் மாடி எலும்பு, இரண்டாவது வயிறு, மூன்றாவது நுரையீரல், நான்காவது இதயம், ஐந்தாவது சிறுநீரகம், ஆறாவது மூளையும் நரம்பும். தரைத்தளத்தில் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் என்ன செய்கிறது என்று கேட்டு, பெயர், வயது, மாடி எண் மூன்றையும் சீட்டில் எழுதி, முத்திரை குத்தித் தள்ளிவிடுவது என் வேலை. பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். மனித உடம்பை இப்படி ஆறு மாடியாக வெட்டி அடுக்கிய புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. கட்டடம் கட்டியவராகத்தான் இருக்க வேண்டும், உடம்பைப் படைத்தவராக இருக்க முடியாது.

என் கவுண்டரிலிருந்து பத்தடியில் லிஃப்ட். அதற்குள் ஒரு மர ஸ்டூல். அதில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சம்பளப் பட்டியலில் அவர் லிஃப்ட் இயக்குபவர். மற்றபடி டாக்டர்கள் உட்பட எல்லோருக்கும் 'மாடி டாக்டர்'.

அவர் இந்தக் கட்டடத்துக்கு முதலில் வந்தது பெயின்ட் அடிக்க. ஒவ்வொரு மாடியின் சுவரிலும் பெரிதாக இருக்கும் நீல நிற எண்கள் அவர் எழுதியவை. ஐந்தில் வால் கொஞ்சம் நீண்டிருக்கும். எழுதும்போது ஏணி ஆடியதாம். பெயின்ட் வேலை முடிந்த வாரத்தில் லிஃப்டுக்கு ஆள் தேவை என்றார்கள். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் எழுந்திருக்கவில்லை.

படிப்பு பத்தாம் வகுப்பில் பாதி. மீதியைப் படித்தது லிஃப்டில். டாக்டர்கள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஏறுவார்கள், பேசிக்கொண்டே போவார்கள். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு பொத்தானைப் பார்த்தபடி காதைத் தீட்டி வைத்திருப்பார். ஒரே கஷ்டம் என்னவென்றால், எந்தப் பேச்சும் மாடி வந்ததும் கதவோடு முடிந்துவிடும். "சிறுநீரகம் ரெண்டும் ஒரு நாளைக்கு நூத்தியெண்பது லிட்டர் வடிகட்டுது, ஆனா" என்று ஒரு டாக்டர் பாதியில் இறங்கிப் போனார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன என்று தெரிய இவர் ஏழு மாதம் காத்திருந்தார். ஏழாவது மாதம் வேறு யாரோ வேறு மாணவர்களிடம் சொன்னார்கள்: அவ்வளவையும் வடிகட்டிவிட்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விட்டு, மற்றதையெல்லாம் உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. அன்று அவர் என் கவுண்டருக்கு ஓடிவந்து அதைச் சொன்ன விதத்தைப் பார்த்திருந்தால், அவருக்கு லாட்டரி விழுந்தது என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

முடியாத வாக்கியங்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். டீ நேரத்தில் எனக்கு விடுகதை போலப் போடுவார்.

"எலும்பு டாக்டர் இன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ரத்தம் ஊறுறதே எலும்புக்குள்ளதானாம். அதனாலதான்னு ஆரம்பிச்சாரு, ஒண்ணாவது மாடி வந்துருச்சு. எதனாலதான்?"

"எனக்கு எப்படி அண்ணே தெரியும்?"

"சீட்டு எழுதுறல்ல, யோசி."

இப்படி ஒரு பத்துப் பதினைந்து அவரிடம் பாக்கி இருந்தன. 'மூளையைத் தொட்டால் மூளைக்கே வலிக்காது, ஏனென்றால்' என்று ஒன்று. இதய மாடியின் டாக்டரம்மா, நரைத்த கிராப்புத் தலைக்காரர், மாணவர்களிடம் சொன்னது ஒன்று: "ஒரு அம்மா வந்து தாடை வலிக்குதுன்னா, பல்லைப் பார்க்கிறதுக்கு முன்னாடி." அதோடு நான்காவது மாடி. அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். பல்லைப் பார்க்கும் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டார். வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தோம்.

நோயாளிகளுக்கு அவர் மேல் அபார நம்பிக்கை. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதை எல்லாம் அவரிடம் கேட்பார்கள். பயந்து போய் ஏறுகிறவரை அவர் சும்மா விடமாட்டார். ஒருமுறை ஒரு லாரி டிரைவர், ஆள் மலை மாதிரி, குடலில் ஏதோ பரிசோதனை என்று நடுங்கிக்கொண்டு நின்றார்.

"என்னங்க பயம்? குடல் எவ்வளவு நீளம் தெரியுமா, இருபது அடி. உங்க லாரி எவ்வளவு?"

"இருபத்திரண்டு அடி."

"பாத்தீங்களா, லாரியையே ரிவர்ஸ் எடுக்கிற ஆளு. இது அதைவிடச் சின்னது."

டிரைவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் சொன்னதில் அர்த்தம் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.

எந்த மாடி என்று முடிவு செய்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வருகிறவரின் பேச்சைக் காதில் வாங்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். மனிதருக்கு வலி எங்கே இருக்கிறதோ அங்கே கை தானாகப் போகும் என்பது அவர் கட்சி. கை இடுப்பில் இருந்தால் ஐந்து. விலாவைப் பிடித்துக்கொண்டு இருமினால் மூன்று. நெஞ்சின் நடுவே முஷ்டியை வைத்து அழுத்தினால், சீட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேராக நான்கு. நான் தப்பாக மாடி எழுதிய சீட்டோடு போகிறவர்களைத் திருப்பி அனுப்பி, "தங்கச்சி, இவரு கையைப் பாரு" என்பார். பத்துக்கு ஒன்பது முறை அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் அந்த ஒன்பது பேரும் நாள் முழுக்கத் தப்பான வரிசையில் நிற்காமல் தப்பித்தார்கள் என்பதால் பேசாமல் திருத்திக் கொடுப்பேன்.

அவரை நம்பாத ஒரே பிறவி அவருடைய அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. கணவர் போனபிறகு தம்பியோடு வந்து இருந்துவிட்டார். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு முறை பெண் பார்க்கப் போனார். போன இடத்தில் பெண்ணின் அப்பாவுடைய கண்ணைப் பார்த்துவிட்டு, மஞ்சளா இருக்கே, கல்லீரலைப் பாருங்க என்று சொல்லிவிட்டு வந்தார். சம்பந்தம் அத்தோடு சரி. அக்கா இந்தக் கதையை எங்கள் மருத்துவமனையில் சொல்லாத ஆள் கிடையாது.

மாலை வேலை முடிந்து அக்கா வந்து கவுண்டர் முன்னால் பெஞ்சில் உட்காருவார், தம்பியோடு சேர்ந்து பஸ் பிடிக்க. அந்தப் பத்து நிமிடம் எங்களுக்குக் கச்சேரி.

"தண்ணி நிறையக் குடிக்கா, கிட்னிக்கு நல்லது."

"நீ சொன்னேல்ல, குடிக்க மாட்டேன்."

"உப்பைக் குறை."

"உன் வாயைக் குறை முதல்ல. லிஃப்ட் ஓட்டுறவனுக்கு உப்பைப் பத்தி என்ன தெரியும்?"

தம்பி வெயில் என்றால் அக்கா மழை என்பார். அவர் இடது என்றால் வலது பக்கம் நடப்பார். தம்பிக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். நாள் முழுக்க எல்லோரும் டாக்டர், டாக்டர் என்கிறார்கள், வீட்டில் ஒருவராவது டேய் என்று கூப்பிட வேண்டும் அல்லவா.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா காலையிலேயே வந்தார். ஒன்பது மணி, பத்து நிமிடம். கூட்டம் வாசல் வரை நின்றது. அவர் வரிசையில் நிற்காமல் நேராகப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது, உதட்டுக்கு மேல் வேர்வை. நான் கண்ணாடியைத் தட்டி, "என்னக்கா, இந்நேரத்துல?" என்றேன்.

"வேலைக்குத்தான் போனேம்மா. விரிப்பு கையில நிக்கல, நழுவி நழுவி விழுது. போய்ப் பாத்துட்டு வான்னு அனுப்பிட்டாங்க."

லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்தது. தம்பி பார்த்துவிட்டு வெளியே வந்தார். அக்காவின் கை மேல் வயிற்றில் இருந்தது, நெஞ்சுக்குழிக்குக் கீழே. நான் பார்த்தேன். அவர் பார்த்ததையும் பார்த்தேன்.

"எங்கக்கா வலிக்குது?"

"வலின்னு இல்லடா. இங்க கல்லை வெச்ச மாதிரி இருக்கு. கொமட்டுது."

"ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"நீ சமைச்சதைத்தான்."

"அப்ப சந்தேகமே இல்ல, ரெண்டாவது மாடிதான்" என்றேன் நான். வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வயித்துல அமிலம்" என்றார் தம்பி. "இரைப்பையில ஊறுற அமிலம் சும்மா இல்லக்கா, இரும்பையே அரிக்குமாம். அது மேல ஏறினா இப்படித்தான் கல்லு மாதிரி இருக்கும். ரெண்டுக்குப் போவோம். அங்க நர்ஸு நமக்குத் தெரிஞ்சவங்க."

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

தம்பி என் பக்கம் திரும்பி, "கேட்டியா தங்கச்சி? தேதி போட்டு எழுதி வெச்சுக்கோ" என்றார். முகமெல்லாம் பல். ஐம்பத்து மூன்று வருடத்தில் அக்கா அவர் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா எதிர்த்துப் பேசவில்லை என்பதே பெரிய வியாதி என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஐந்தாவது மாடியிலிருந்து மணி அடித்தது. அவர் ஓடிப்போய் லிஃப்டுக்குள் ஏறி, "இதோ வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று கதவை மூடினார். நான் அக்காவின் சீட்டில் 2 என்று எழுதினேன். முத்திரை குத்தும்போது அக்கா பெஞ்சிலிருந்து கேட்டார்.

"ஏம்மா, பல் வலிக்கு இங்க எந்த மாடி?"

"பல்லுக்கு இங்க மாடியே கிடையாதுக்கா. ஏன்?"

"காலையிலருந்து கீழ்த்தாடை ரெண்டு பக்கமும் கடுக்குது. எந்தப் பல்லுன்னும் தெரியல."

"முதல்ல வயித்தைப் பாருங்க. பல்லு எங்கயும் ஓடிடாது."

நான் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். லிஃப்ட் வந்தது, தம்பி அக்காவைக் கையைப் பிடித்து ஏற்றி இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோய், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்தார். அரை மணியில் கூப்பிடுவார்களாம். அவருக்குத் திருப்தி.

மணி பத்தடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கூட்டம் கொஞ்சம் ஓய்ந்தது. டீ வந்தது. அவர் லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி, வாசலில் நின்றபடி குடித்தார். உள்ளே காலில் மாவுக்கட்டு போட்ட ஒருவரும், கையில் எக்ஸ்ரே உறையோடு ஒரு அம்மாவும் நின்றிருந்தார்கள்.

"அக்கா என்ன சொல்றாங்க?" என்றேன்.

"தலையைச் சாய்ச்சு உக்காந்திருக்கு. ராத்திரியே சரியா தூங்கல போல. விடியக்காலைல பாத்தா ரவிக்கை எல்லாம் வேர்வை, மாத்திக்கிட்டு இருந்துச்சு. புழுக்கம்னு நெனச்சேன்."

நான் டீயை ஊதினேன். அவரைக் கொஞ்சம் சீண்டலாம் என்றுதான் சொன்னேன். "உங்க அக்காவுக்கு ரெண்டாவது மாடி போதாதாம். பல் வலிக்கு எந்த மாடின்னு கேட்டாங்க."

"பல் வலியா?"

"தாடை ரெண்டு பக்கமும் கடுக்குதாம்."

அவர் கையிலிருந்த கோப்பை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். நரைத்த கிராப்புத் தலை டாக்டரம்மா அங்கே நின்று பாதியில் விட்டதை முடிக்கிறார் போல இருந்தது அவர் பார்வை. நாலாவது மாடிக்காரர் ஒருவர் எதற்காகப் பல்லைப் பற்றிப் பேச வேண்டும்? இத்தனை நாள் விடுகதை விடுகதை என்று சிரித்தோமே, அந்த வாக்கியத்தைச் சொன்னவர் எந்த மாடியில் இறங்கினார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

"நாலுன்னு சீட்டு எழுது" என்றார். குரல் அவருடையதாக இல்லை. "எழுதிக்கிட்டு படியில வா. எறங்குங்க, எல்லாரும் எறங்குங்க, தயவு பண்ணி எறங்குங்க."

மாவுக்கட்டுக்காரர், "நான் எப்படிங்க படியேறுவேன்?" என்று சத்தம் போட்டார். அதற்குள் அவரை அப்படியே தூக்கி வெளியே வைத்துவிட்டார் லிஃப்ட்காரர். கதவு மூடியது.

நான் எழுதினேன். முத்திரை குத்தியது நினைவில்லை. கவுண்டரைத் திறந்தபடி போட்டுவிட்டுப் படியில் ஓடினேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது, உட்கார்ந்தே வேலை பார்க்கும் உடம்பு. முதல் மாடியில் முழங்கால் முனகியது. இரண்டாவதில் டீ தொண்டைக்கு வந்தது. மூன்றாவதில் மூச்சு கிடைக்கவில்லை, நெஞ்சு காதுக்குள் அடித்தது. ஒரு மனுஷி படி ஏறுகிறாள், அதற்கு எலும்பும் வயிறும் நுரையீரலும் இதயமும் ஒரே நேரத்தில் பதில் சொல்கின்றன. யாரும் என் மாடி இல்லை என்று சொல்லவில்லை. பதினோரு வருடமாக நான் எழுதித் தள்ளிய எண்கள் எல்லாம் எவ்வளவு அரைகுறை என்று எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே ஏறினேன்.

நான்காவது மாடியில் அக்காவை ஏற்கெனவே படுக்க வைத்திருந்தார்கள். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஈ.சி.ஜி. இயந்திரத்திலிருந்து தாள் நீளமாக வந்தது. டாக்டரம்மா அதை ஒரு சாண் பார்த்தார், மீதியைப் பார்க்கவில்லை. "உள்ள கொண்டு போங்க" என்றார். அக்காவின் கை இன்னும் மேல் வயிற்றில்தான் இருந்தது. கதவுக்குள் போகும்போது தம்பியைப் பார்த்து, "ரெண்டாவது மாடின்னு சொன்னியேடா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி தெரியாதவர் கேட்பது போலக் கேட்டார்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைத்திருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பைத் திறந்து, உள்ளே சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை தம்பி லிஃப்டுக்குப் போகவில்லை. கட்டடம் முழுக்க மணி அடித்துக்கொண்டிருந்தது. மாவுக்கட்டுக்காரரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று பிற்பகல் டாக்டரம்மா கீழே போக லிஃப்டில் ஏறினார். நானும் உள்ளே இருந்தேன். லிஃப்ட்காரர் தரைத்தளப் பொத்தானை அழுத்தினார். பொத்தானைப் பார்த்தபடியே கேட்டார்.

"டாக்டரம்மா, வயித்துல கையை வெச்சிருந்துச்சு. நெஞ்சுலயே வெக்கல."

"நிறையப் பேர் வெக்க மாட்டாங்க. பொம்பளைங்கள்ல அப்படிக் கொஞ்சம் அதிகம். இதயத்தோட அடிப்பக்கம் ஒரு தசைத்திரை மேல உக்காந்திருக்கு, திரைக்கு நேர் கீழ வயிறு. ரெண்டுத்தோட நரம்பும் தண்டுவடத்துக்குள்ள பக்கத்துப் பக்கத்துலதான் போய்ச் சேருது. யார் கூப்பிடுறாங்கன்னு மூளைக்குச் சரியாத் தெரியாது. வயிறுன்னு நெனச்சுக்கும், சில நேரம் தாடைன்னு நெனச்சுக்கும், தோள்னு நெனச்சுக்கும். நீங்க மட்டும் ஏமாறல, அவங்க உடம்பே ஏமாந்துச்சு."

"ஒன்பது பத்துக்கே நேரா நாலுக்கு வந்திருந்தா?"

"வந்திருந்தா..." என்றார் டாக்டரம்மா. தரைத்தளம் வந்துவிட்டது. கதவு திறந்தது. வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கதவு திறந்தால் ஒதுங்கி வழிவிட்ட மனிதர், எட்டி, கதவை மூடும் பொத்தானை அழுத்தினார். அழுத்தியபடியே விரலை எடுக்கவில்லை.

"முழுசாச் சொல்லிட்டுப் போங்கம்மா."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். "ரத்தம் போகாம ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் தசை செத்துக்கிட்டே இருக்கும். அந்த நாப்பது நிமிஷத்துலயும் கொஞ்சம் செத்திருக்கு. முன்னாடியே வந்திருந்தா அது பிழைச்சிருக்கும். செத்த இதயத் தசை திரும்ப முளைக்காது, தழும்பாத்தான் ஆகும். மீதி இருக்கிறது அதுக்கும் சேர்த்து வேலை செய்யணும். செய்யும். ஆனா விரிப்பு தூக்குற வேலைக்கு இனி அவங்க போகக் கூடாது." பிறகு, "அந்த நாப்பது நிமிஷத்துக்கு மேல போகாம நிறுத்தினதும் நீங்கதான். அதையும் சேர்த்து வெச்சுக்கோங்க" என்றார்.

அவர் விரலை எடுத்தார். கதவு திறந்தது.

அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. நான்தான் என்னைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கை காட்டியதை அவர் பார்த்தார், வாய் சொன்னதை நான் கேட்டேன், வேர்வையும் அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றும் பத்தடி தூரத்துக்குள் இருந்தன. சேர்த்து வைத்துப் பார்க்க எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆகியிருக்கிறது. இதை அவரிடம் ஒருநாள் சொன்னேன். "பல்லு ஓடிடாதுன்னு சொன்னேன் அண்ணே" என்றேன். "நான் தேதி போட்டு எழுதி வெச்சுக்கச் சொன்னேன்" என்றார் அவர்.

அதன் பிறகு அவர் ஊமையாகிவிட்டார். எந்த மாடி என்று யாராவது கேட்டால், "சீட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான்" என்பார். குடல் இருபது அடி, அமிலம் இரும்பை அரிக்கும், எல்லாம் நின்றது. பயந்து ஏறியவர்கள் பயந்தபடியே இறங்கினார்கள். டாக்டர்கள் லிஃப்டில் பேசினால் அவர் காதைச் சாய்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் இருந்தார். ஆனால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்தது.

"தண்ணி குடிக்கா" என்றார் தம்பி.

"சரிப்பா" என்று குடித்தார்.

"கொஞ்சம் படுத்துக்கோ."

"படுத்துக்கிறேன்பா."

டேய் இல்லை. உன் வாயைக் குறை இல்லை. என்னை வழியனுப்ப வாசல் வரை வந்த தம்பி, செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டு சொன்னார்: "எதைச் சொன்னாலும் சரிங்குது தங்கச்சி. பயந்துட்டுதான் சரிங்குது. என்னைத் திட்டினா தேவல. அது சரின்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலியும் ஃபேனும் ஞாபகம் வருது."

நான் உள்ளே திரும்பிப் போனேன். கைப்பையை மறந்துவிட்டதாகச் சாக்கு. அக்காவிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் அக்காவுக்கு மறுபரிசோதனை. காலையிலேயே நிறையக் கூட்டம். அக்காவுக்கு முன்னால் ஒரு தச்சர், பெரிய ஆள், தோளைப் பிடித்துக்கொண்டு என் கண்ணாடி முன் நின்றார். பலகை தூக்கியதில் பிசகிவிட்டதாம். நான் 1 என்று எழுதினேன். எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"வேற எங்கயாவது வலிக்குதா?"

"இல்லீங்க."

"மூச்சு வாங்குதா, வேர்க்குதா, கொமட்டுதா? தாடை, முதுகு, வயிறு?"

தச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒன்றும் இல்லை என்றார். சீட்டைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் எல்லோரிடமும் கேட்கிறேன். வரிசை நீள்கிறது, திட்டுகிறார்கள், திட்டட்டும். லிஃப்ட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி நான் கேட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு 4 எழுதிக் கொடுத்தேன். அக்கா லிஃப்டில் ஏறினார். நான் கவுண்டரை விட்டு வெளியே வந்து நின்றேன். உள்ளே தச்சர், ஒரு தபால்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண். தம்பி எழுந்து ஸ்டூலை அக்காவுக்கு நகர்த்தினார். அக்கா உட்கார்ந்தார். அவர் பொத்தானில் விரலை வைத்தார், ஆனால் அழுத்தவில்லை. மாதக்கணக்காகப் பேசாத மனிதர்போல, தொண்டையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"எந்த மாடி?"

"நாலு."

"நாலாவது மாடி சரி. வேற எங்கயாவது வலிக்குதாக்கா?"

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காது வலிக்குதுடா. ஐம்பது வருஷமா உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு. அதுக்கு எந்த மாடின்னு சொல்லு, போறேன். நீ சொல்ற மாடிக்கு மட்டும் போக மாட்டேன்."

தபால்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு தச்சர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், குழந்தை எதற்கென்று தெரியாமல் சிரித்தது. லிஃப்ட்காரர் பொத்தான்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அக்கா எட்டி அவர் சட்டையின் கீழ் நுனியைப் பிடித்துக்கொண்டார். கதவு மூடும்வரை அவர் அந்தப் பிடியை விடவில்லை.